கிரியேட்டினின் 1.3லயே நின்னுச்சு, உள்ள தழும்பு வளந்துட்டு இருந்துச்சு

அம்மா எனக்கு கிட்னி குடுத்து எட்டு வருஷம் ஆகுது. 2017ல ஆபரேஷன், அப்ப அவங்களுக்கு 54 வயசு, எனக்கு 29. ஐஜிஏ நெஃப்ரோபதின்னு ஒரு வியாதி, யூரின்ல ரத்தமும் புரோட்டீனும் வருஷக்கணக்கா போய்ப் போய் என்னோட ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு, பதினோரு மாசம் டயாலிசிஸ்ல கெடந்தேன், அப்புறம்தான் அம்மா "என்ர உசுரு எதுக்கு இருக்குது கண்ணு, எடுத்துக்க"ன்னு ஒரே வார்த்தைல முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் எனக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர் கிரியேட்டினின்தான், கிட்னி வெளிய தள்ள வேண்டிய ஒரு கழிவு, கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறும். லேப்ல இருந்து போனுக்கு ரிப்போர்ட் வரும், மத்த எந்த வரியையும் பாக்க மாட்டேன், நேரா கிரியேட்டினின் எங்கன்னு தேடுவேன், 1.3ன்னு இருந்துச்சுன்னா உடனே அம்மாவுக்கு போன் போட்டு நல்லா இருக்குதும்மான்னு சொல்லிட்டு மண்டிக்கு வேலைக்குப் போயிருவேன். ஈரோட்ல ஒரு மஞ்சள் மண்டில கணக்கு எழுதுறேன், நம்பரோட தான் பொழப்பு, ஆனா அந்த ரிப்போர்ட்டுல அஞ்சாறு வரி கீழ இருந்த இன்னொரு நம்பர நான் படிக்கவே இல்ல. அதப் பத்திதான் இத எழுதுறேன், ஏன்னா மாற்று கிட்னியோட இருக்கற நெறைய பேர் என்கிட்ட பேசும்போது அவங்களும் கிரியேட்டினின் ஒண்ண மட்டும்தான் சொல்றாங்க.

2023 மார்ச்ல பெரிய டாக்டர்கிட்ட ரிவ்யூவுக்குப் போனப்ப அவரு ரிப்போர்ட்ட பாத்துட்டு, "யூரின்ல புரோட்டீன் எவ்வளவு நாளா வருது?"ன்னு கேட்டாரு. எனக்கு புரியல. "1 பிளஸ்னு போட்டிருக்கு பாருங்க"ன்னு காட்டுனாரு. வீட்டுக்கு வந்து பழைய ஃபைல் எல்லாத்தையும் எடுத்து கூடத்துல தரையில தேதி வரிசையா பரப்பி வச்சு பாத்தேன், என் மனைவியும் கூட உக்காந்து பாத்தா. 2022 ஆகஸ்ட்ல "ட்ரேஸ்", அதாவது துளியூண்டு. அக்டோபர்ல "ட்ரேஸ்". டிசம்பர்ல "1 பிளஸ்". அதுக்கப்புறம் ஒண்ணு விடாம 1 பிளஸ். கிரியேட்டினின் அந்த எல்லா பேப்பர்லயும் 1.3, 1.4, 1.3. ஏழு மாசமா கிட்னி ஏதோ சொல்லிட்டே இருந்திருக்கு, நான்தான் காது குடுக்கல. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

டாக்டர் அப்பவே ஸ்பாட் யூரின் புரோட்டீன் கிரியேட்டினின் ரேஷியோன்னு ஒரு டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு. பேரு நீளமா இருந்தாலும் விஷயம் சுலபம், ஒருதரம் புடிக்கற யூரின்லயே புரோட்டீன் எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவுன்னு பாத்து ஒண்ண இன்னொண்ணால வகுக்கறாங்க, வர்ற நம்பர் கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு எத்தன கிராம் புரோட்டீன் போகுதுங்கறதுக்கு சமம். 0.2க்குள்ள இருக்கணும். எனக்கு 0.8. அதாவது தினம் 800 மில்லிகிராம் மாதிரி போயிட்டு இருக்கு. முன்னாடி எல்லாம் 24 மணி நேர யூரின கேன்ல புடிச்சு எடுத்துட்டு போவோமே, அதுக்கு பதில் இது, காலைல எந்திரிச்ச உடனே போற முதல் யூரின் குடுத்தா இன்னும் சரியா இருக்கும். காய்ச்சல் இருந்தாலும், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும், முந்தின நாள் உடம்ப போட்டு வருத்தியிருந்தாலும் கொஞ்ச நாளைக்கு புரோட்டீன் ஏறி காட்டும், அதனால ஒரு தடவ பாத்து பயந்துக்க வேணாம், ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப பாருங்க. நான் பாத்தேன், 0.76. அப்ப அது நெசம்தான்.

இங்க ஒரு விஷயம் சொல்லிக்கறேன். யூரின்ல ஒரு பேப்பர் பட்டைய முக்கி கலர் பாப்பாங்கல்ல, அந்த 1 பிளஸ் 2 பிளஸ் எல்லாம் அதுல வர்றதுதான், அது முக்கியமா ஆல்புமின்ங்கற பெரிய புரோட்டீனத்தான் காட்டும். கிட்னில வடிகட்டி ஒண்ணு, அதுக்கடுத்து நீளமான குழாய் ஒண்ணு, இப்படி சுமார் பத்து லட்சம் ஜோடி ஒரு கிட்னில இருக்கு. வடிகட்டி ஓட்டையானா ஆல்புமின் வெளிய வரும். ஆனா பீட்டா 2 மைக்ரோகுளோபுலின் மாதிரி சின்னச் சின்ன புரோட்டீனுங்க இருக்கு, அதுங்க நல்ல கிட்னிலயே வடிகட்டிய தாண்டி வந்துரும், குழாய்தான் அதுங்கள திரும்ப உள்ள இழுத்துக்கும். குழாய் அடிபட்டுச்சுன்னா இழுக்க முடியாம அதுங்க யூரின்ல வரும், அந்த பட்டைல அது சரியா தெரியாது. பட்டைல "நில்", அதாவது புரோட்டீன் இல்லன்னு வந்தாலும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவயாவது ரேஷியோ பாக்கறது அதனாலதான் நல்லதுன்னு நினைக்கறேன், எங்க ஊரு லேப்லயே ரேஷியோ பாக்கறாங்க, செலவும் அப்படி ஒண்ணும் பெருசில்ல.

அப்ப கிரியேட்டினின் ஏன் அசையலன்னு கேட்டேன். கிட்னில கொஞ்சம் எடம் கெட்டுப் போச்சுன்னா மிச்சம் இருக்கற எடம் அந்த வேலையையும் சேத்து இழுத்துப் போட்டு செய்யும், அதனால ரத்தத்துல கிரியேட்டினின் ரொம்ப நாளைக்கு அப்படியே நிக்கும், அது ஏற ஆரம்பிக்கும்போது நெறைய போயிருக்கும்னு சொன்னாரு. அதோட கிரியேட்டினின்ங்கறது தசைல இருந்து வர்றது, எனக்கு அந்த வருஷம் எடை நாலு கிலோ குறைஞ்சிருந்துச்சு, தசை குறைஞ்சா கிரியேட்டினினும் கம்மியாத்தான் காட்டும், நான் அத கிட்னி நல்லா இருக்குன்னு எடுத்துக்கிட்டேன். சிஸ்டாடின் சின்னு ஒரு புரோட்டீன் ரத்தத்துல பாக்கலாம், அதுக்கு தசை கணக்கு கெடையாது, ஆனா மாற்று கிட்னிக்காக நம்ம சாப்பிடற பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை அத ஏத்திக் காட்டும், அதனால அதையும் தனியா வச்சு முடிவு பண்ண மாட்டேன்னாரு.

புரோட்டீன் வருதுன்னா காரணம் ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கலாம். பழைய ஐஜிஏ வியாதியே புது கிட்னில திரும்ப வரலாம். உடம்பு அந்த கிட்னிக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்கி வடிகட்டிய மெல்ல மெல்ல கெடுக்கலாம். பிபியா இருக்கலாம். சிரோலிமஸ், எவரோலிமஸ் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அந்த மாத்திரையே புரோட்டீன் வர வைக்கலாம், நான் அது சாப்பிடல. இல்லன்னா உள்ள தழும்பு விழுந்திருக்கலாம். வெளிய இருந்து பாத்து எதுன்னு சொல்ல முடியாது, கிட்னில இருந்து துளி சதை எடுத்து பாக்கற பயாப்ஸி பண்ணியே ஆகணும்னாரு. அம்மாவுக்கு அத எப்படி சொல்றதுன்னுதான் எனக்கு பெரிய பயமா இருந்துச்சு. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "என்ர கிட்னில ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா சாமி, நான் குடுத்ததே நல்லா இல்லையா?"ன்னு கேட்டாங்க. அவங்க மேல தப்பு இருக்குமோன்னு அவங்க நினைச்சுட்டாங்க. அந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சுக்கணும்னுதான் நான் இவ்வளவையும் தோண்டிப் படிச்சேன், டாக்டர உக்கார வச்சு கேட்டேன்.

பயாப்ஸிய பத்தி பயப்படறவங்களுக்காக சொல்றேன். மாற்று கிட்னி முதுகுப் பக்கம் இல்ல, அடி வயித்துல, எனக்கு வலது பக்கம், தோலுக்கு ரொம்ப பக்கத்துலயே இருக்கு, அதனால மல்லாக்க படுத்தா போதும். ஸ்கேன் வச்சு எடம் பாத்து, மரத்துப் போற ஊசி போட்டு, ஸ்பிரிங் வச்ச ஊசியால எடுத்தாங்க. டக்குன்னு ஒரு சத்தம் வரும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, அந்த சத்தத்துக்குத்தான் உடம்பு தூக்கிப் போட்டுச்சு, வலின்னு பெருசா இல்ல. ரெண்டு துண்டு எடுத்தாங்க, நான் கேட்டு பாத்தேன், ஒடச்ச சேமியா மாதிரி, அவ்வளவு மெல்லிசு, ஒண்ணரை சென்டிமீட்டர் இருக்கும். ஒண்ணு ஃபார்மலின் பாட்டில்ல போச்சு, இன்னொண்ணு வேற டெஸ்ட்டுக்கு தனியா போச்சு. அப்புறம் ஆறு மணி நேரம் அசையாம படுக்கை, ஒவ்வொரு தடவ யூரின் போகும்போதும் ரத்தம் கலந்திருக்கான்னு பாட்டில்ல புடிச்சு பாக்கணும். முதல் தடவ லேசா செவப்பு, மூணாவது தடவ தெளிஞ்சிருச்சு. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க எப்ப நிறுத்தணும்னு முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, நீங்களா நிறுத்தக் கூடாது, கேட்டுத்தான் நிறுத்தணும்.

ரிப்போர்ட் வந்துச்சு, ரெண்டு பக்கம், ஒரு எழுத்து புரியல. ஜி0, ஐ0, டி0, வி0, பிடிசி0, சிஐ1, சிடி1, ஏஎச்1, சி4டி நெகட்டிவ்னு வரிசையா. இது என்ன பாஷைன்னு தோணும், ஆனா இத படிக்க கத்துக்கிட்டா உங்க கிட்னியோட சரித்திரமே அதுலதான் இருக்கு. 1991ல கனடாவுல பான்ஃப்ங்கற மலை ஊர்ல கிட்னி டாக்டருங்களும் பேத்தாலஜி டாக்டருங்களும் கூடி, உலகத்துல எந்த ஊர்ல பயாப்ஸி பாத்தாலும் ஒரே மாதிரி எழுதணும்னு ஒரு முறை வச்சாங்க, அந்த ஊர் பேராலயே அத பான்ஃப் முறைன்னு சொல்றாங்க. சிஐங்கறது குழாய்களுக்கு நடுவுல இருக்கற எடத்துல தழும்பு எவ்வளவு, சிடிங்கறது குழாய் எவ்வளவு சுருங்கிருக்கு. சிஐ நூத்துக்கு அஞ்சு வரைக்கும் இருந்தா 0, ஆறுல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் 1, அம்பது வரைக்கும் 2, அதுக்கு மேல போனா 3, சிடிக்கு மட்டும் கொஞ்சம் கூட சுருங்கலன்னாதான் 0, இருபத்தஞ்சு வரைக்கும் 1, மத்தது அதே கணக்கு. எனக்கு பதினஞ்சுல இருந்து இருபது சதவீதம். ரெண்டையும் சேத்து ஐஎஃப்டிஏன்னு எழுதுறாங்க, எனக்கு கிரேடு 1.

என் பயாப்ஸி துண்ட மைக்ரோஸ்கோப்ல பாத்து ரிப்போர்ட் எழுதுன பேத்தாலஜி டாக்டரம்மாகிட்ட நானும் அத பாக்கணும்னு கேட்டுக்கிட்டேன், எங்க டாக்டர் போன் பண்ணி சொன்னதால மானிட்டர்ல போட்டு காட்டுனாங்க. முதல்ல ரோஸ் கலர்ல வட்ட வட்டமா, நெருக்கமா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, அதெல்லாம் குழாய குறுக்க வெட்டுனது, நல்ல எடம். அப்புறம் ட்ரைகுரோம்னு வேற சாயம் போட்ட ஸ்லைடு வச்சாங்க, அதுல தழும்பு நீலமா தெரியும். நல்ல எடத்துல வட்டங்களுக்கு நடுவுல நீலம் நூல் மாதிரி மெல்லிசா ஓடுது. அப்படியே நகத்தி நகத்தி ஒரு ஓரத்துக்கு கொண்டு போனாங்க, அங்க நீலம் பட்டையா அகலமா நிக்குது, நடுவுல இருக்கற வட்டமெல்லாம் சின்னதா, சுவரு தடிச்சு, சூம்பிப் போய், ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி. எனக்கு சட்டுனு எங்க தாத்தா காடுதான் ஞாபகம் வந்துச்சு, காலிங்கராயன் வாய்க்கா பாசனம், மஞ்சக் காட்டுல வாய்க்காவுக்கு ரெண்டு பக்கமும் வரப்பு இருக்கும், ரெண்டு வருஷம் கவனிக்காம விட்டா கோரையும் புல்லும் மண்டி மண்ணு சேந்து வரப்பு பெருத்துரும், வரப்பு பெருக்கப் பெருக்க வாய்க்கா சிறுத்துரும், அப்புறம் எவ்வளவு தண்ணி விட்டாலும் கடைசி பாத்திக்கு போகாது. நான் மானிட்டர்ல பாத்தது அதேதான். ஆனா வரப்ப மண்வெட்டி எடுத்து செதுக்கிரலாம். இத செதுக்க முடியாது.

எப்படி வருதுன்னா, குழாய் அடிபடும்போது, காரணம் எதுவா வேணா இருக்கட்டும், அந்த செல்லுங்க உதவி கேட்டு சில புரோட்டீன்கள வெளிய விடுது. அதுல முக்கியமானது டிஜிஎஃப் பீட்டா. நம்ம கைல வெட்டுப்பட்டா காயம் ஆறுறதுக்கும் இதே புரோட்டீன்தான் வேலை செய்யுது, அது கெட்டது இல்ல. அது வந்து சும்மா இருக்கற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்ல எழுப்பி கொலாஜன் நூல நெய்ய சொல்லும். கைல காயம் ஆறுனதும் அந்த வேலை நின்னுரும். கிட்னில அடி நிக்காம விழுந்துட்டே இருந்தா நெசவும் நிக்காது, கொலாஜன் சேந்துட்டே போகும், சின்ன ரத்தக் குழாயெல்லாம் நசுங்கும், ரத்தம் கம்மியாகும், ரத்தம் கம்மியானா இன்னும் குழாய் அடிபடும், அது இன்னும் தழும்பாகும். அது மட்டுமில்ல, வடிகட்டிய தாண்டி வர்ற புரோட்டீனும் குழாய் செல்லுக்குள்ள போய் அத உறுத்தி புண்ணாக்குது, அதனால யூரின் புரோட்டீன்ங்கறது வெறும் அறிகுறி மட்டும் இல்ல, அதுவே தழும்ப வளக்கற காரணத்துல ஒண்ணு. இத கேட்டப்பதான் அந்த ஏழு மாசத்தோட வெல என்னன்னு எனக்கு உறைச்சுச்சு.

என் ரிப்போர்ட்டுல நல்ல சேதியும் இருந்துச்சு. ஐஜிஏ திரும்ப வரல. சி4டிங்கறது ஆன்டிபாடி வந்து அடிச்சதுக்கான தடயம், சின்ன ரத்தக் குழாய் சுவத்துல ஒட்டி நிக்கும், அது இல்ல. மாற்று கிட்னிய கெடுக்கற பிகே வைரஸ் இல்ல. ரத்தத்துல அம்மாவோட கிட்னிக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கான்னு பாத்தாங்க, அதுவும் இல்ல. ஆனா ரெண்டு விஷயம் இருந்துச்சு. தழும்பு விழுந்த எடத்துக்குள்ள ரத்த வெள்ளை அணுக்கள் கொஞ்சம் உக்காந்திருந்துச்சு, அதாவது அங்க சண்டை இன்னும் முடியல, வெறும் பழைய தழும்ப விட உள்ள அழற்சியோட இருக்கற தழும்பு மோசம்னாங்க. இன்னொண்ணு ஏஎச்1, சின்ன ரத்தக் குழாய் சுவரு கண்ணாடி மாதிரி தடிக்க ஆரம்பிச்சிருக்கு, அது பிபினாலயும் வரும், மாற்று கிட்னிய உடம்பு எதிர்க்காம இருக்க நான் சாப்பிடற டாக்ரோலிமஸ் மாத்திரை அதிகமானாலும் வரும்.

முன்னாடி எல்லாம் இந்த மாதிரி தழும்ப பாத்தா குரோனிக் அலோகிராஃப்ட் நெஃப்ரோபதின்னு ஒரே பேர எழுதி முடிச்சிருவாங்களாம், 2005ல நடந்த பான்ஃப் கூட்டத்துல அந்த பேரையே வேணாம்னு எடுத்துட்டாங்க. ஏன்னா தழும்புங்கறது வியாதியோட பேரு கெடையாது, ஏதோ நடந்துச்சுங்கறதோட அடையாளம், என்ன நடந்துச்சுன்னு தேடாம ஒரு பேர் எழுதிட்டா அது நடந்துட்டேதான் இருக்கும். இது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா தோணுது. உங்க கைல ஐஎஃப்டிஏன்னு ரிப்போர்ட் குடுத்தாங்கன்னா, எதனால சார்னு கேளுங்க, கேக்காம எந்திரிச்சு வராதீங்க.

என் விஷயத்துல எதனாலங்கறத டாக்டரும் நானும் மாத்திரை நோட்டையும், ரத்தத்துல டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்குன்னு காட்டற லெவல் ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கண்டுபுடிச்சோம். 2021 கடைசில எனக்கு மலச்சிக்கல் ரொம்ப இருந்துச்சு, பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட போனேன், அவரு இந்த பிபி மாத்திரையாலதான் இருக்கும்னு டில்டியாசெம்ம நிறுத்திட்டு அம்லோடிபின் குடுத்தாரு. மலச்சிக்கல் போச்சு. ஆனா டில்டியாசெம் பிபிக்கு மட்டும் இல்ல, அது டாக்ரோலிமஸ உடம்பு சீக்கிரம் கரைக்காம புடிச்சு வைக்கும், அத நம்பித்தான் எனக்கு டாக்ரோலிமஸ் டோஸ் கம்மியா வச்சிருந்தாங்க. டில்டியாசெம் போனதும் 6.5ல இருந்த லெவல் 3.1க்கு எறங்கிருச்சு, அப்ப ஆறு மாசத்துக்கு ஒரு தடவதான் லெவல் பாத்துட்டு இருந்தேன், அதனால அது தெரியறதுக்கே நாலு மாசம் ஆச்சு. டோஸ ஏத்துனாங்க. அடுத்த தடவ லெவல் குடுக்கும்போது நான் ஒரு தப்பு பண்ணேன், ரத்தம் குடுத்த அப்புறம் போட வேண்டிய காலைல எட்டு மணி மாத்திரைய பழக்க தோசத்துல முன்னாடியே போட்டுட்டு பத்து மணிக்கு ரத்தம் குடுத்துட்டேன். 14.2ன்னு வந்துச்சு. லெவல் ஏறிருச்சுன்னு டோஸ குறைச்சாங்க, நான் மாத்திரை போட்டுட்டு குடுத்தேன்னு அவங்களுக்கு தெரியாது, நானும் சொல்லல, சொல்லணும்னே எனக்கு தெரியல. மறுபடியும் மூணு மாசம் கம்மி லெவல்ல ஓடியிருக்கு. நடுவுல மஞ்சள் சீசன், மாசிலேர்ந்து சித்திரை வரைக்கும் மண்டில ஏலம், எடை, பில்லுன்னு ராத்திரி பத்து பத்தரை ஆயிரும், எட்டு மணி மாத்திரைய வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுதான் போடுவேன். மெடிக்கல்ல ஸ்டாக் இல்லைன்னு ரெண்டு தடவ வேற கம்பெனி டாக்ரோலிமஸ் வாங்கியிருக்கேன், அதுக்கப்புறம் லெவல் பாக்கல.

இதுல ஒண்ணு ஒண்ணையும் தனியா பாத்தா சின்ன விஷயம். லெவல வரிசையா எழுதினா 6.5, 3.1, 14.2, 3.8, 9.6. டாக்ரோலிமஸ் கம்மியானா உடம்பு கிட்னிய மெல்ல அடிக்கும், வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கிரியேட்டினின் கூட ஏறாது, ஆனா அடிக்கும். அதிகமானா அந்த மருந்தே கிட்னியோட சின்ன ரத்தக் குழாய சுருக்கி தழும்பாக்கும். கம்மியானாலும் தழும்பு, கூடுனாலும் தழும்பு, அப்ப ஒரே அளவா நிக்கறதுதான் வழி. லெவல் சராசரியா சரியா இருக்கறத விட ஏறி எறங்காம இருக்கறது முக்கியம்னு டாக்டர் அழுத்தி அழுத்தி சொன்னாரு, ரொம்ப ஏறி எறங்கறவங்களுக்குத்தான் பின்னாடி ஆன்டிபாடி வர்றதும் கிட்னி போறதும் அதிகம்னு ஆராய்ச்சிலயும் பாத்திருக்காங்க.

அம்மாகிட்ட போய் சொன்னேன். உங்க கிட்னி ஒண்ணும் கோளாறு இல்லம்மா, நான் பாத்துக்கிட்ட விதம்தான் சரியில்லன்னு. அவங்க அழுதாங்க, அப்புறம் கண்ண தொடச்சுட்டு, "சரி உடு, இனிமே எட்டு மணின்னா எட்டு மணி"ன்னாங்க. அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ராத்திரி எட்டு மணிக்கு அலாரத்துக்கு முன்னாடி அவங்க போன் வந்துரும், "போட்டியா கண்ணு?" அவ்வளவுதான் பேச்சு. ஏலம் நடக்கற எடமா இருந்தாலும் சட்டை பாக்கெட்ல ஒரு வேளை மாத்திரை எப்பவும் இருக்கும், எங்க முதலாளியும் அந்த நேரத்துக்கு என்ன எந்திரிச்சு போக விட்டுருவாரு.

வைத்தியம்னு பெருசா புதுசா ஒண்ணும் பண்ணல. தழும்ப கரைக்கற மருந்துன்னு கைல எதுவும் இல்ல, அப்படி யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. உள்ள இருந்த அழற்சிக்கு, எதிர்ப்ப அடக்க நான் சாப்பிடற இன்னொரு மாத்திரையான மைகோஃபினோலேட் டோஸ சரி பண்ணாங்க. பிபி எனக்கு 150க்கு 95 இருந்துச்சு, அதுவும் கவனிக்காம விட்டது, டெல்மிசார்டன் ஆரம்பிச்சாங்க, அது பிபியையும் குறைக்கும், வடிகட்டில அழுத்தத்த குறைச்சு புரோட்டீனையும் குறைக்கும். ஆனா அதுல ஒரு எச்சரிக்கை, டெல்மிசார்டன் பொட்டாசியத்த ஏத்தும், டாக்ரோலிமஸும் பொட்டாசியத்த ஏத்தும், ரெண்டும் சேந்தா ஆபத்து, ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள பொட்டாசியமும் கிரியேட்டினினும் பாக்கணும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், எனக்கு 1.4ல இருந்து 1.6 ஆச்சு, நான் பதறிட்டேன், இது எதிர்பாத்ததுதான், முப்பது சதவீதம் வரைக்கும் ஏறி அங்கயே நின்னா பரவாயில்லன்னு டாக்டர் சொன்ன அப்புறம்தான் நிம்மதி. கொழந்தை பெத்துக்க நினைக்கற பொண்ணுங்க இந்த மாத்திரைய பத்தி கண்டிப்பா முன்னாடியே டாக்டர்கிட்ட பேசணும், கர்ப்பத்துல ஆகவே ஆகாது.

லெவல் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கற அன்னிக்கு இப்ப நான் செய்யறது இதுதான், முந்தின ராத்திரி சரியா எட்டு மணிக்கு மாத்திரை, காலைல மாத்திரைய பைல எடுத்துட்டு போய் எட்டு மணிக்கு ரத்தம் குடுத்துட்டு லேப் வாசல்லயே போட்டுக்குவேன், ரிப்போர்ட் பேப்பர்லயே பேனாவால கடைசி மாத்திரை எத்தன மணிக்கு போட்டதுன்னு எழுதி வச்சிருவேன். கம்பெனி மாத்தறதா இருந்தா டாக்டர கேட்டுட்டு, மாத்துன ஒரு வாரத்துல லெவல். வேற எந்த டாக்டர் எந்த மாத்திரை எழுதுனாலும், பல்லு டாக்டரா இருந்தாலும், கிட்னி டாக்டருக்கு வாட்ஸப்ல போட்டோ அனுப்பிட்டுதான் முதல் மாத்திரை. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் எல்லாம் லெவல ஏத்தும், டிபிக்கு குடுக்கற ரிஃபாம்பிசின், வலிப்புக்கு குடுக்கற ஃபெனிடாயின் எல்லாம் லெவல தரைக்கு எறக்கும். டில்டியாசெம் மாதிரி எதையாச்சும் நிறுத்தறதும் புதுசா ஆரம்பிக்கற மாதிரிதான் கணக்கு. பேதி ரெண்டு நாளுக்கு மேல போனா லெவல் ஏறும், போன் பண்ணணும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை பக்கமே போறதில்ல. பம்ப்ளிமாஸ் பழம் வேணாம். எங்க தொழிலே மஞ்சள்ங்கறதால இதையும் சொல்லிடறேன், கொழம்புல ரசத்துல போடற மஞ்சளால ஒண்ணும் இல்ல, ஆனா உடம்புக்கு நல்லதுன்னு ஸ்பூன் ஸ்பூனா பால்ல கலக்கி குடிக்கறது, குர்குமின் கேப்சூல் போடறது டாக்ரோலிமஸ் லெவல ஏத்தி விட்டுரும், மண்டில ஒருத்தர் அன்பா குடுத்தத நான் திருப்பி குடுத்துட்டேன்.

தழும்பு விழறதுக்கு முன்னாடியே சண்டை நடக்கறத கண்டுபுடிக்க முடியாதான்னு டாக்டர கேட்டேன், அதுக்குத்தான் உலகம் பூரா யூரின்ல இருக்கற வேற வேற புரோட்டீன்கள ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்கன்னாரு. கிம் 1னு ஒண்ணு, நல்ல கிட்னில அது கிட்டத்தட்ட இருக்காது, குழாய் அடிபட்டா அந்த செல் மேல மொளைச்சு யூரின்ல உதிரும். சிஎக்ஸ்சிஎல் 9, சிஎக்ஸ்சிஎல் 10னு ரெண்டு, வெள்ளை அணுக்கள வாங்க வாங்கன்னு கூப்புடற புரோட்டீன், கிட்னிக்குள்ள எதிர்ப்பு நடந்தா யூரின்ல அது ஏறும், கிரியேட்டினினுக்கு முன்னாடியே ஏறலாம். ஆனா யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும், பிகே வைரஸ் இருந்தாலும் அதுவும் ஏறும், அதனால அத பாத்து மட்டும் முடிவு பண்ண முடியாது. இன்னொண்ணு கேட்டப்ப ஆச்சரியமா இருந்துச்சு, தழும்பு வளர்ற கிட்னில கொலாஜன் ஒடஞ்சு கரையறதே கம்மியாயிருது, அதனால யூரின்ல வர்ற கொலாஜன் துண்டுங்க குறையுதாம், அத அளந்து தழும்ப கணிக்கவும் முயற்சி நடக்குது. இதெல்லாம் நம்ம ஊரு லேப்ல வழக்கமா எழுதிக் குடுக்கற டெஸ்ட் கெடையாது, கடைசில பயாப்ஸிதான் தீர்ப்பு. வர்ற காலத்துல ஒரு கப் யூரின்ல எல்லாம் தெரிஞ்சுரும்னா எவ்வளவு பேரோட கிட்னி தப்பிக்கும்னு நினைச்சா மனசு அடிச்சுக்குது. ஆனா அது வரைக்கும் நம்ம கைல இருக்கற சாதா ரேஷியோ டெஸ்ட்டையாவது ஒழுங்கா பாக்கலாமே, நான் அதக் கூட பாக்கலியே.

இப்ப 2025. கிரியேட்டினின் 1.6லயே ரெண்டு வருஷமா நிக்குது. ரேஷியோ 0.8ல இருந்து 0.5, 0.4, இப்ப 0.3. பிபி 130க்கு கீழ. லெவல் கடைசி ஆறு தடவயும் 5.8க்கும் 6.9க்கும் நடுவுல. அந்த இருபது சதவீத நீலம் அங்கயேதான் இருக்கும், போகாது, மிச்ச எம்பது சதவீதத்த காப்பாத்தறதுதான் என் வேலை.

பயாப்ஸி முடிஞ்ச கொஞ்ச நாள்ல ஒரு விஷயம் மண்டைல அடிச்ச மாதிரி தோணுச்சு, என் யூரின பத்தி இவ்வளவு பேசறேன், ஒத்தை கிட்னியோட இருக்கற அம்மாவுக்கு கடைசியா எப்ப டெஸ்ட் பாத்தோம்? தேடுனா, 2019. குடுத்தவங்களுக்கு வருஷம் ஒரு தடவ பிபி, கிரியேட்டினின், யூரின் புரோட்டீன் பாக்கணும்னு ஆபரேஷன் சமயத்துலயே சொல்லியிருந்தாங்க, கொரோனா வந்துச்சு, அப்படியே விட்டுப் போச்சு, அவங்களும் எனக்கு என்ன கண்ணு நான் நல்லாத்தானே இருக்கறேன்னு சொல்லிட்டே இருந்தாங்க. இப்ப வருஷா வருஷம் ஆனி மாசத்துல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் லேப்புக்கு போறோம், காலைல ஆறரைக்கு முதல் யூரின டப்பால புடிச்சு பேர் எழுதி பைல வச்சு பைக்ல. இந்த வருஷம் அவங்களுக்கு கிரியேட்டினின் 0.9, ரேஷியோ 0.1, பிபி மட்டும் 138, உப்ப குறைச்சு ரெண்டு மாசத்துல திரும்ப பாக்கணும்னு சொல்லியிருக்காரு, ஊறுகாய் ஜாடிய நான் அன்னிக்கே எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.